பாட்டு இனிக்கிறது, பாடியவன் பெயர் கசக்கிறதா?

அசோக் நகரில் நாங்கள் நடத்தும் சனிக்கிழமை வாசிப்பு வட்டத்தில் ஒரு கல்லூரித் தம்பி கேட்டான்: "அக்கா, தலித் பாட்டுன்னா பறை இருக்கணுமாம். கம்ப்யூட்டர்ல பீட் போட்டா அது வெள்ளைக்காரன் பாட்டுன்னு காலேஜ்ல ஒருத்தர் சொல்றாரு. 'தெருக்குரல்' அப்ப நம்ம பாட்டு இல்லையா?"

அன்றைக்கு மழுப்பாமல் பதில் சொன்னோம். இங்கேயும் சொல்கிறோம்.

2019இல் அரக்கோணத்துக்காரரான அறிவும் இசைத் தயாரிப்பாளர் ஆஃப்ரோவும் சேர்ந்து வெளியிட்ட முதல் ஆல்பம் 'தெருக்குரல்'. ராப், பாப், எலக்ட்ரானிக் பீட், நடுவே தெருவின் பேச்சு. சாதியைப் பெயர் சொல்லியே பேசியது. தூத்துக்குடியில் 2018 மே 22 அன்று போலீஸ் சுட்டுக் கொன்ற மாணவி ஸ்னோலினையும் பாடியது.

இதில் 'நம்ம வாசம்' இல்லை என்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறோம். பறை நம் கைக்கு எப்படி வந்தது? விரும்பியவர்கள் விரும்பிய நேரத்தில் எடுத்து அடிக்க ஊர் விட்டதா? சாவுக்கு அடி, திருவிழாவுக்கு அடி, அடித்துவிட்டு வெளியே நில் என்பதுதானே ஊர்க் கட்டளை? மாட்டோம் என்று பறையைக் கீழே வைத்த ஊர்கள் அடி வாங்கியிருக்கின்றன. பிறகு அதே பறையை விடுதலையின் கருவியாக நாம் திரும்ப எடுத்தோம். இரண்டும் நம் முடிவு, இரண்டும் நம் வரலாறு. இன்னொரு தலைமுறை லேப்டாப்பை எடுத்தால் அதுவும் நம் முடிவுதான். லேப்டாப்பை இழவு வீட்டுக்குக் கூப்பிட எந்த ஊர்ப் பெரியவருக்கும் உரிமை கிடையாது.

எலக்ட்ரானிக் இசை வெள்ளைக்காரர்களுடையது என்பதும் பொய். 1980களில் சிகாகோவிலும் டெட்ராய்ட்டிலும் கறுப்பின இளைஞர்கள்தான் ஹவுஸ், டெக்னோ இசையை உருவாக்கினார்கள். விலைபோகாமல் பழைய சாமானாக வந்த ஜப்பானிய ரிதம் மெஷின்களை வைத்தே அதைச் செய்தார்கள். பின்னால் அது ஐரோப்பிய கிளப்புகளின் இசை ஆனது, உருவாக்கியவர்களின் பெயர் அடிக்குறிப்பானது. அந்தக் கதையின் முடிவு நமக்குத் தெரிந்ததுதான்.

2021 மார்ச்சில் 'என்ஜாயி எஞ்சாமி' வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, நிலமில்லாமல் திரும்பிய வள்ளியம்மாள் பாட்டியின் வாழ்க்கை அந்தப் பாட்டில் இருக்கிறது. 1964 சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. அவர்கள் யாரையும் கேட்டு அந்தக் கையெழுத்து விழவில்லை. பாட்டு உலகம் சுற்றியது. அந்த ஆண்டு ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. கேள்வி எழுந்த பிறகுதான் அவருக்குத் தனி டிஜிட்டல் அட்டை வந்தது. 2022 ஜூலை 28 அன்று சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தது, மேடையில் அறிவு இல்லை. இதை இசையமைத்ததும் எழுதியதும் பாடியதும் நான், எனக்கு யாரும் மெட்டோ சொல்லோ தரவில்லை என்று அவரே எழுத வேண்டியதாயிற்று.

மறுதரப்பையும் சொல்லிவிடுகிறோம். அறிவின் பங்கை எங்கும் மறைக்கவில்லை என்று தீ சொன்னார். உரிமையும் வருமானமும் மூவருக்கும் சமம், விழா நேரத்தில் அறிவு அமெரிக்காவில் இருந்தார் என்று சந்தோஷ் நாராயணன் சொன்னார். பாட்டால் தங்களுக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று 2024இல் அவரே வீடியோவில் பேசவும் செய்தார். எங்கள் சண்டை இந்தத் தனிநபர்களோடு இல்லை. பத்திரிகையோ மேடையோ, ஒரே ஆளின் முகமே ஏன் தற்செயலாக விடுபடுகிறது? தற்செயல் எப்போதும் ஒரே திசையில் நடந்தால் அதற்குச் சமூகவியலில் வேறு பெயர் உண்டு. விதைத்தவன் பெயர் நெல் மூட்டையில் இருக்காது என்பது இந்த ஊரின் பழைய ஏற்பாடு. பாட்டுக்கும் அதையே நீட்டுகிறார்கள். 'நாட்டுப்புறம்', 'மக்கள் பாட்டு' என்று சொன்னால் போதும், எழுதியவன் காணாமல் போய்விடுவான்.

இன்னொன்று. இதே அசோக் நகர் கல்யாண மண்டபங்களில் 'எஞ்சாமி' அலறுகிறது. சாதி பார்த்துப் பெண் எடுத்த வீட்டார் அதற்கு ஆடுகிறார்கள். 'தெருக்குரல்' போடுவார்களா? பாட்டியின் வெற்றிலை வாசம் பிடிக்கிறது, பேரனின் கோபம் பிடிக்கவில்லை. கோபத்தை வடிகட்டிவிட்டு ரசிப்பதற்குப் பெயர் கலை ரசனை இல்லை, சாதி வசதி.

ஆகவே தோழர்களே, ரீல்ஸோடு நிற்காதீர்கள். 'தெருக்குரல்' ஆல்பத்தை முழுதாகக் கேளுங்கள், 2024இல் வந்த 'வள்ளியம்மா பேராண்டி'யையும் கேளுங்கள். பகிரும்போது எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் பெயரைப் போடுங்கள். பாட்டு எழுதும் தம்பி தங்கைகள் சட்டத்தையும் படியுங்கள். 2012 பதிப்புரிமைத் திருத்தத்தின்படி, ஒலிப்பதிவில் சேரும் பாடலை எழுதியவரும் இசையமைத்தவரும் ராயல்டியில் தமக்குள்ள சம பங்கைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தாலும் அது செல்லாது. வாய்ப்பேச்சை நம்பி மெட்டைக் கொடுக்காதீர்கள். ஒப்பந்தத்தைத் தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்டு, புரிந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

அந்தத் தம்பி இப்போது போனில் பீட் போடப் பழகுகிறான். முதல் ஃபைலுக்கு அவன் வைத்த பெயர் அவன் பாட்டியுடையது. கீழே தன் பெயரையும் போடச் சொல்லியிருக்கிறோம்.