கல்லுக்குள் ஒரு கபாலம்



வீட்டில் ஒருவர் தலையில் அடிபட்டு விழுந்தால், மருத்துவர் உடனே சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்லுகிறார். கபாலத்தைத் திறவாமலே உள்ளிருப்பதைக் காட்டும் இக்கருவி, 1971-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளன்று லண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியின் தலையைப் படம் பிடித்தது. அதை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டும், அதற்குக் கணித வழி வகுத்த கார்மாக்கும் 1979-இல் நோபல் பரிசு பெற்றனர். இன்றோ, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஊர்வனவற்றின் மண்டையோடுகளும் இக்கருவிக்குள் செல்லுகின்றன.

மூளை மென்மையானது; கல்லாகுமுன் அழுகிவிடும். ஆயினும் அது குடியிருந்த எலும்பறை எஞ்சியிருக்கும். அவ்வறையில் சேறு புகுந்து இறுகினால், மூளையின் வடிவத்தை ஒத்த வார்ப்பு ஒன்று உண்டாகும். நோதோசாரஸ் என்னும் கடல்வாழ் ஊர்வனத்தின் அத்தகைய வார்ப்பை ஜெர்மனியின் டில்லி எடிங்கர் அம்மையார் 1921-இல் ஆராய்ந்து, புதியதொரு துறைக்கு அடிகோலினார்.

ஆனால் இத்தகைய வார்ப்புகள் வெளியே கிடைப்பது அரிது. எனவே உள்ளே காண விரும்பியோர், ஆக்ஸ்ஃபோர்டுப் பேராசிரியர் சோலஸ் காட்டிய வழியில், புதைபடிவத்தைச் சிறிது சிறிதாகத் தேய்த்து, ஒவ்வொரு பரப்பையும் வரைந்துகொண்டனர். ஆய்வு முடிகையில் கபாலமே மிஞ்சாது. அறிவதற்காக அழிக்க வேண்டியிருந்தது!

சி.டி. ஸ்கேன் அந்த இழப்பைத் தவிர்த்தது. பல கோணங்களில் ஊடுருவும் எக்ஸ் கதிர்களைக் கொண்டு, எலும்பையும் பாறையையும் அடர்த்தியால் வேறுபடுத்தி, கணிப்பொறி உட்குழிவை முழு உருவாக அமைத்துக் காட்டுகிறது. 2003-இல் லாரன்ஸ் விட்மர், இந்தியாவில் பிறந்த சங்கர் சட்டர்ஜி முதலியோர் பறக்கும் ஊர்வன இரண்டை இவ்வாறு ஆராய்ந்தனர். பார்வையை நிலைநிறுத்த உதவும் மூளையின் சிறுமடல், பறவைகளில் உள்ளதைவிட வெகுவாகப் பெருத்திருந்தது. உட்செவிக் குழாய்களின் சாய்வைக்கொண்டு, ராம்ஃபோரிங்கஸ் தலையை நேராகவும், அன்ஹாங்குவேரா தாழ்த்தியும் வைத்திருந்தன என்று கருதினர்.

எனினும் இங்கே நிதானம் வேண்டும். செவிக்குழாய் மட்டும் தலையின் நிலைக்கு உறுதியான சான்றாகாது என்று பின்வந்தோர் எச்சரித்தனர். மேலும், ஊர்வன பலவற்றில் மூளை தன் அறையை நிரப்புவதில்லை. இன்றும் நியூசிலாந்தில் வாழும் துவாட்டாராவில் அது அறையின் ஒரு பகுதியையே கொள்ளுகிறது.

எடிங்கர் அம்மையார் 1967-இல் மறைந்தார். இக்கருவியை அவர் காணவில்லை. அவர் வாழ்நாளெல்லாம் கருதிப் பார்த்த உள்ளறையை, நாம் இன்று உடைக்காமலே காண்கிறோம். உங்கள் பிள்ளைகள், "அந்தப் பிராணிக்கு எவ்வளவு அறிவு இருந்தது?" என்று கேட்டால், "அறையைத்தான் அளந்திருக்கிறார்கள், குடியிருந்தவரை இன்னும் அளக்கவில்லை" என்று சொல்லுங்கள்.