'ஃபைனல்' என்று ஒரு பெயரா?



உங்களில் சிலர் டிசைனிங் தொழிலில் இருக்கிறீர்கள். மற்றவர்கள் கல்யாணப் பத்திரிகைக்கும் கடைப் பலகைக்கும் அவர்களைத் தேடிப் போகிறீர்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன்.

எந்த டிசைன் கடைக் கணினியையும் திறந்து பாருங்கள். 'மலர் ஃபைனல்', 'மலர் ஃபைனல் 2', 'மலர் ஃபைனல் நியூ', 'மலர் ஒரிஜினல் ஃபைனல்' என்று வரிசையாக நிற்கும். இதில் எது அச்சுக்கு? கேட்டால், "ஞாபகம் இருக்கு சார்" என்பார்கள். ஞாபகம் வைத்திருப்பவர் லீவு போட்ட அன்று என்ன செய்வது?

ஒரு பழைய மாணவர் சங்க மலருக்கு நான் மெய்ப்புப் பார்த்தேன். மறைந்த ஆசிரியர்களுக்கான அஞ்சலிப் பக்கத்தை மூன்று மாதிரிகளில் செய்து காட்டினார்கள். ஓர் ஆசிரியரின் இனிஷியல் தவறாக இருந்ததைக் குறித்துக் கொடுத்தேன். திருத்தினார்கள், ஆனால் இரண்டாவது மாதிரியில் மட்டும். அச்சானது மூன்றாவது. 300 பிரதிகள். அந்த ஆசிரியரின் துணைவியார் மேடையில் மலரை வாங்கிப் பிரித்துப் பார்த்தார். "பரவாயில்லைங்க, அவரைத் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்" என்றார். அந்தப் "பரவாயில்லை"க்கு யார் பொறுப்பு?

திருத்தியவர் சோம்பேறி அல்ல. ஒழுங்காகத்தான் திருத்தினார். தவறு முறையில் இருக்கிறது. ஒரே செய்தியை மூன்று கோப்புகளில் நகல் எடுத்து வைத்தால், ஒரு திருத்தம் மூன்று வேலையாகிவிடும். அதில் ஒன்று விட்டுப்போகும். ஆகவே முதலில் தோற்றத்தைத் தேர்ந்தெடுங்கள், பிறகு ஒரே கோப்பில் எழுத்தைத் திருத்துங்கள். ஃபோட்டோஷாப்பில் 'லேயர் காம்ப்' என்ற வசதி பல வருடங்களாக இருக்கிறது. ஒரே கோப்புக்குள் எந்தெந்த லேயர் தெரிய வேண்டும் என்று மாதிரி மாதிரியாகப் பதிந்து வைக்கலாம். எழுத்து ஒரு லேயரில், ஒரே இடத்தில் இருக்கும். எத்தனை பேர் அதைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்கள்?

இன்னொரு வழக்கம் இதைவிட மோசம். அச்சகத்தில் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் எழுத்து உடைந்துவிடும் என்று கோரல்டிராவில் எல்லாவற்றையும் 'கர்வ்' ஆக்கி அனுப்புகிறோம். அது சரிதான். ஆனால் கர்வ் ஆன பிறகு அது எழுத்தல்ல, படம். கடைசி நேரப் பிழையை அந்தப் படத்திலேயே ஒட்டுப்போட்டுச் சரிசெய்கிறார்கள். மூலக் கோப்பில் பிழை அப்படியே கிடக்கிறது. அடுத்த வருடம் மூலத்திலிருந்து மறுபதிப்புப் போட்டால் பழைய பிழை திரும்பி வருகிறது. திருத்தம் எப்போதும் மூலத்தில்தான் நடக்க வேண்டும். கர்வ் நகலை அதிலிருந்து புதிதாக எடுங்கள்.

"சின்ன வேலை சார், இதுக்கெல்லாம் நேரம் ஏது?" என்பீர்கள். 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்ட உ.வே.சாமிநாதையரிடம் கணினி இல்லை. ஏட்டுக்கு ஏடு பாடம் மாறியது. அவர் மாறுபட்ட பாடங்களைத் தூக்கி எறியவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்புக் கொடுத்துக் குழப்பவும் இல்லை. ஒன்றைத் தேர்ந்து மூலமாக வைத்தார், மற்றவற்றைப் பிரதிபேதம் என்று குறித்தார். ஏடு யாரிடமிருந்து கிடைத்தது என்பதையும் பதிவு செய்தார். உங்களிடம் நான் கேட்பதும் அதுதான்: எது மூலம், எது மாற்று, யார் ஒப்புக்கொண்டார்கள்.

கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், நாள், பிறகு 01, 02 என்று எண் போடுங்கள். 'அச்சுக்கு' என்று ஒரு ஃபோல்டர், அதில் ஒரே ஒரு பிடிஎஃப். 'கழித்தவை' என்று இன்னொன்று, அதை அழிக்காதீர்கள். வேண்டாம் என்ற மாதிரியை மறுநாள் கேட்பவர்கள் நிறைய. 'ஃபைனல்' என்ற சொல்லைத் தடை செய்யுங்கள். இவ்வளவுக்கும் ஒரு டீ குடிக்கும் நேரம் போதும்.

இனி சொந்தங்களுக்கு. மாமா ஃபோனில் ஒரு திருத்தம், சித்தி வாட்ஸ்அப் குரல்செய்தியில் இன்னொன்று, மாப்பிள்ளை வீட்டார் நடு இரவில் மூன்றாவது! பிறகு டிசைனரைத் திட்டுகிறோம். வீட்டுக்கு ஒருவரை நியமியுங்கள். அவர் எழுத்தில் மட்டும் அனுப்பட்டும். அச்சுக்கு முன் பிடிஎஃப்பைப் பார்த்து, அந்தக் கோப்பின் பெயரையே குறிப்பிட்டு "இது சரி" என்று எழுதட்டும். "அந்த ரெண்டாவது போதும் தம்பி" என்பது ஒப்புதல் அல்ல. உங்களுக்கு இரண்டாவது எது, அவருக்கு இரண்டாவது எது?

தொழிலில் இருப்பவர்கள் மறுத்தும் எழுதலாம். ஆனால் எழுதுவதற்கு முன் உங்கள் கணினியில் 'ஃபைனல்' என்று தேடிப் பார்த்து, எத்தனை வருகிறது என்று எண்ணிவிட்டு வாருங்கள்.