ஏற்றுமதித் தடையும் நம் சங்கத்தின் கடமையும்

ஏற்றுமதிச் சட்டம் என்பது பெரிய கம்பெனிகளின் விவகாரம், மளிகைக் கடைக்காரருக்கும் மண்டிக்காரருக்கும் அதில் என்ன வேலை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். மணலி புதுநகரில் வியாபாரம் செய்பவர்கள் அப்படி எண்ணுவதற்கில்லை. ஒரு பக்கம் சென்னைத் துறைமுகம், மறு பக்கம் எண்ணூர் காமராஜர் துறைமுகமும் காட்டுப்பள்ளியும், நடுவில் கண்டெய்னர் கிடங்குகள். நம் கடை வாசலைக் கடந்து போகும் டிரெய்லர்களில் நம்மவர் கொடுத்த சரக்கும் போகிறது. நாம் நேரடியாகக் கப்பலேற்றாவிட்டாலும், செங்குன்றம் ஆலைகளில் அரிசி எடுத்து ஏற்றுமதியாளருக்குக் கடனாகக் கொடுப்பவர்கள் நம்மிடையே உண்டு. தடை உத்தரவு வந்தால் முதலில் முடங்குவது அவர்களுடைய பணம்தான்.

அண்மைக் கால அனுபவத்தைப் பாருங்கள். 2022 மே 13 அன்று கோதுமை ஏற்றுமதிக்குத் தடை. அதே ஆண்டு செப்டம்பரில் குருணை அரிசிக்குத் தடை, பச்சரிசிக்கு 20 சதவீத ஏற்றுமதி வரி. 2023 ஜூலை 20 அன்று பாசுமதி அல்லாத பச்சரிசிக்கு முழுத் தடை. ஆகஸ்ட் 25 அன்று புழுங்கல் அரிசிக்கு 20 சதவீத வரி. டிசம்பர் 8 முதல் வெங்காயத்துக்குத் தடை. பிறகு ஒவ்வொன்றாகத் தளர்த்தினார்கள். பச்சரிசித் தடை 2024 செப்டம்பர் 28 அன்று நீங்கியது. புழுங்கல் அரிசி வரி அக்டோபரில் முற்றிலும் எடுக்கப்பட்டது. குருணைக்கு 2025 மார்ச்சில்தான் வழி திறந்தது. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். இங்கே யானையும் மணியோசையும் ஒன்றாகவே வருகின்றன.

உள்நாட்டில் விலை ஏறாமல் இருக்க அரசு தடை போடுவதை நாம் குறை கூறவில்லை. நம் கடைக்கு வரும் ஏழை எளியவர்களும் அரிசி வாங்கித்தானே சாப்பிட வேண்டும்? ஆனால் தடை போடும் முறையில்தான் சிறு வியாபாரி நசுங்குகிறார்.

2023 ஜூலை உத்தரவையே எடுத்துக்கொள்வோம். அன்றிரவு 9 மணி 57 நிமிடம் 1 நொடிக்கு முன் சரக்கு சுங்கத்துறையிடம் ஒப்படைக்கப்பட்டு, கம்ப்யூட்டரில் பதிவாகியிருந்தால் போகலாம். கப்பலில் ஏற்றத் தொடங்கியிருந்தாலும் போகலாம். ஷிப்பிங் பில் போட்டு, கப்பலும் வந்து நங்கூரம் பாய்ச்சியிருந்தால் அதுவும் போகலாம். மற்றவை நிற்க வேண்டியதுதான். வரி கட்டியும் மாட்டிக்கொண்டவர்களுக்கு ஆகஸ்ட் 29 அன்றுதான் விலக்கு வந்தது. கோதுமைத் தடையின்போது, முன்னதாகவே திறக்கப்பட்ட மாற்ற முடியாத எல்.சி. இருந்தால் சரக்கை அனுப்ப விட்டார்கள். பச்சரிசிக்கு அந்தச் சலுகை இல்லை. ஒரே மாதிரியான தடை, ஆனால் வெவ்வேறு விலக்கு. இதைப் படித்து, நம் சரக்கு எந்தப் பிரிவில் வருகிறது என்று அன்றிரவே சொல்ல ஒரு ஆள் வேண்டும். பெரிய கம்பெனிக்குச் சட்டப் பிரிவே இருக்கிறது. நமக்குக் கிடைப்பது கஸ்டம்ஸ் புரோக்கர் அலுவலகத்துக் குமாஸ்தாவின் வாய்ச்சொல்தான்.

தவறினால் வரும் தண்டனை சிறியதல்ல. தடை செய்யப்பட்ட சரக்கை அனுப்ப முயன்றால் சுங்கச் சட்டம் 113ஆம் பிரிவின்படி பறிமுதல் செய்யலாம். 114ஆம் பிரிவின்படி சரக்கு மதிப்பைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். 1992ஆம் ஆண்டு அந்நிய வர்த்தகச் சட்டத்தின் கீழ் ஐந்து மடங்கு வரை போகும், ஏற்றுமதி எண்ணையும் முடக்கலாம். பச்சரிசியைப் புழுங்கல் என்று எழுதிக் கொடுத்தவர்களுக்காக நாம் பரிந்து பேசவில்லை. தெரிந்தே பொய் எழுதியவர் அனுபவிக்கட்டும். ஆனால் ஒரு எண் தவறாக விழுந்ததற்கும், உத்தரவு தெரியாமல் சரக்கு அனுப்பியதற்கும் அதே வலையில் சிக்குபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் வழி காட்ட வேண்டும்.

உரிம வழக்கு எவ்வளவு காலம் இழுக்கும் என்பதற்கு நம் மணலியே சாட்சி. அது இறக்குமதி வழக்கு என்றாலும் பாடம் ஒன்றுதான். 2015இல் சுங்கத்துறை கைப்பற்றிய சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட் 37 கண்டெய்னர்களில் ஐந்து ஆண்டுகள் இங்கே கிடந்தது. 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகம் வெடித்துச் சிதறிய பிறகுதான் அவசர அவசரமாக ஐதராபாத்துக்கு அனுப்பினார்கள். ரசாயனம் ஐந்து வருடம் கிடக்கும். அரிசி கிடக்குமா? ஆறு மாதத்தில் வண்டு விழும், வெங்காயமோ ஆறு வாரத்தில் தண்ணீராகிவிடும்.

சட்டத்தில் நமக்குச் சாதகமான இடங்களும் இருக்கின்றன. தெரியாததால்தான் அவற்றை இழக்கிறோம்.

முதலாவது, நோட்டீஸ் கொடுத்து, பதில் கேட்காமல் சரக்கைப் பறிமுதல் செய்ய முடியாது. 124ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. கீழ் நிலை அதிகாரியின் உத்தரவு கைக்கு வந்த 60 நாட்களுக்குள் சுங்க ஆணையரிடம் அப்பீல் செய்யலாம். தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 30 நாள் கிடைக்கும். அதற்கு மேல் ஒரு நாள் தாண்டினாலும் அவரால் ஏற்க முடியாது. அப்பீலுக்கு அபராதத் தொகையில் ஏழரை சதவீதம் முன்பணம் கட்ட வேண்டும்.

இரண்டாவது, சுங்கத்துறை தடுத்து வைத்த சரக்குக்குக் கிடங்குக்காரர் வாடகை கேட்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டு விதிமுறை சொல்கிறது. நாமாகக் கேட்காமல் இது கிடைக்காது. எழுத்து மூலம் கேட்க வேண்டும்.

மூன்றாவதுதான் மொத்த வியாபாரிகளுக்கு முக்கியமானது. தடை வந்ததும் ஏற்றுமதியாளர், "கப்பல் போகவில்லை, பணம் தர இயலாது" என்பார். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 56ஆம் பிரிவையும் காட்டுவார். சட்டவிரோதமாகிவிட்ட ஒப்பந்தம் செல்லாது என்பது உண்மையே. ஆனால் அது அவருக்கும் வெளிநாட்டுக்காரருக்கும் உள்ள ஒப்பந்தம். நம் மண்டியில் பில் போட்டு, சரக்கை அவர் எடுத்துக்கொண்டு போன பிறகு அது முடிந்துபோன உள்ளூர் விற்பனை. ஏற்றுமதி நடந்தால்தான் பணம் என்று நாமே எழுதிக் கொடுத்திருந்தால் தவிர, அவர் பணம் தரக் கடமைப்பட்டவர். நம்மில் எத்தனை பேர் பில்லில் இதைத் தெளிவாக எழுதுகிறோம்? சிறு தொழில்களுக்கான 45 நாள் பாக்கி வசூல் சட்டம் காப்பாற்றும் என்றும் நம்ப வேண்டாம். 2021இல் வணிகர்களை உத்யம் பதிவில் சேர்த்தது வங்கிக் கடன் சலுகைக்காக மட்டுமே.

ஆகவே நம் சங்கத்துக்கு மூன்று யோசனைகளை முன்வைக்கிறோம். சுங்கம், அந்நிய வர்த்தகம் தெரிந்த ஒரு வக்கீலை ஆண்டுக் கட்டணத்தில் அமர்த்த வேண்டும். வாரம் ஒரு நாள் சங்க அலுவலகத்தில் அவர் உட்காரட்டும். அடுத்து, டெல்லியில் வெளியாகும் உத்தரவுகளை அன்றன்றே பார்த்து, நாலு வரி தமிழில் உறுப்பினர்களின் கைபேசிக்கு அனுப்ப ஒரு பொறுப்பாளர் வேண்டும். மூன்றாவதாக, தடை வந்தால் நஷ்டம் யாருக்கு, பணம் எத்தனை நாளில் என்று விளக்கும் மாதிரி பில்லும் ஆர்டர் படிவமும் அச்சிட்டுத் தர வேண்டும்.

செலவுக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். ஒரே ஒரு கண்டெய்னர் ஒரு மாதம் நின்றால் ஆகும் வாடகையும் வட்டியும் எவ்வளவு என்று மாட்டிக்கொண்டவரைக் கேளுங்கள். அதைப் பல உறுப்பினர்கள் பங்கிட்டால் தலைக்கு என்ன விழும்? கூடவே, துறைமுகக் கிடங்கு வாசலைக் கடந்துவிட்ட சரக்குக்கு எல்லாத் தடையிலும் ஒரே மாதிரி விலக்கு வேண்டும் என்று மத்திய வணிக அமைச்சகத்துக்கு மாநிலப் பேரமைப்பு மூலம் மனு அனுப்ப வேண்டும். தனி ஒருவர் எழுதினால் கிடப்பில் போவது, சங்கம் எழுதினால் மேசைக்கு வரும்.

இப்போது அரிசிக்குத் தடை இல்லை. இதுதான் ஏற்பாடு செய்ய ஏற்ற காலம். வரும் பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வருமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.