தடித்த எழுத்தில் வராத எண்

கல்லீரல் என்றால் குடிகாரனுடைய கவலை என்றோர் அபிப்பிராயம் நம்மவரிடையே நெடுங்காலமாக வேரூன்றியிருப்பதால், சாராய வாடையே அறியாத ஒரு குடும்ப ஸ்திரீயிடம் போய், "உங்கள் ஈரலைச் சற்றுக் கவனிக்க வேண்டும்" என்று எவரேனும் சொன்னால், அவள் அதை வைத்திய ஆலோசனையாகக் கொள்ளாமல் தன் நடத்தையின் மேல் வீசப்பட்ட அவதூறாகவே கொள்வாள். என் அண்ணியும் அப்படித்தான் கொண்டார்.

அண்ணிக்கு வயது ஐம்பத்திரண்டு. வீட்டு நடையில் தையல் மிஷின் போட்டுக்கொண்டு முப்பது வருஷமாகத் தெருப் பெண்களுக்கெல்லாம் ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். சென்ற வருஷம் கர்ப்பப்பை சம்பந்தமான ஒரு சிகிச்சைக்கு முன்னால், எல்லோருக்கும் எடுப்பதுபோல அவருக்கும் இரத்தம் எடுத்தார்கள். லேப்பிலிருந்து வந்த நாலு பக்கக் காகிதத்தில் ஹீமோகுளோபின் ஒன்றுதான் குறைவென்று தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தது. எஸ்.ஜி.பி.டி. 38 என்பதும் அதற்கெதிரே '45 வரை' என்பதும், வெறும் வயிற்றுச் சர்க்கரை 106 என்பதும் அதற்கெதிரே '110 வரை' என்பதும் மெல்லிய எழுத்தில் அடக்கமாக இருந்தன. டாக்டர் பக்கத்துக்கொரு நீலக் கோடு இழுத்துவிட்டு, "எல்லாம் நார்மல்தாம்மா, இரும்பு மாத்திரை மட்டும் போடுங்க" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. காகிதம் சொன்னதைத்தான் சொன்னார். காகிதம் சொன்னது நியாயந்தானா என்பதே என் விசாரம்.

எஸ்.ஜி.பி.டி. என்பது, இக்கால வைத்தியர் ஏ.எல்.டி. என்றும் வழங்குவது, கல்லீரலின் உயிரணுக்களுக்கு உள்ளேயிருந்து வேலை செய்கிற ஒரு நொதி. அரிசி மூட்டையில் எங்கோ கிழிசல் விழுந்திருப்பதைத் தரையில் சிந்திக் கிடக்கும் மணிகளைக் கொண்டு நாம் எப்படி அறிகிறோமோ, அப்படியே உயிரணுக்கள் நலிவுற்றிருப்பதை, உள்ளே இருக்க வேண்டிய அந்நொதி இரத்தத்தில் மிகுந்து தென்படுவதைக் கொண்டு அறிகிறார்கள். நலிவுக்கு மதுவும் மஞ்சட்காமாலைக் கிருமிகளும் மருந்துகளும் காரணமாகலாம். ஆனால் இன்று மிகப் பரவலான காரணம் ஈரலில் சேரும் கொழுப்பு. 1980-ஆம் வருஷம் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் லுட்விக் என்பவரும் அவருடைய சகாக்களும், மதுப்பழக்கம் இல்லாதவர்களாயினும் குடிகாரருடையதைப் போலவே கெட்டுப்போன ஈரலோடு வந்த இருபது நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அவர்களுள் பெண்களே அதிகம், பெரும்பாலோர் பருத்த சரீரிகள், பலருக்குச் சர்க்கரை வியாதியும் இருந்தது. குடிகாரனுடைய கவலை என்ற பேச்சு அன்றே பொய்யாகிவிட்டது. நம் தெருவுக்குச் செய்தி வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

ஈரலுக்கும் சர்க்கரைக்கும் என்ன உறவென்றால், நாம் உறங்குகிற இரவு நேரத்தில் மூளை முதலிய அவயவங்கள் பட்டினி கிடவாதபடி இரத்தத்துக்குச் சர்க்கரை படியளப்பதே ஈரல்தான். உண்டபின் இன்சுலின் சுரந்து, "போதும், நிறுத்து" என்று கட்டளையிடுகையில், ஆரோக்கியமான ஈரல் கீழ்ப்படிகிறது. கொழுப்பேறிய ஈரலோ அக்கட்டளையைக் காதில் வாங்காமல் அளந்துகொண்டே இருக்கிறது. அதை அடக்குவதற்காகக் கணையம் மேன்மேலும் இன்சுலினைச் சுரந்து, பல வருஷங்கள் இப்படி இரட்டை வேலை செய்து ஓய்ந்தபின்பே வியாதி வெளிப்படுகிறது. ஆகவே 38 என்ற அந்த எண் சர்க்கரை வியாதியை உண்டாக்குவதன்று. சிந்திய மணியா மூட்டையைக் கிழித்தது?

இனி அந்த '45 வரை' என்பதைப் பார்ப்போம். இத்தகைய எல்லைகள் ஆரோக்கியவான்கள் என்று கருதப்பட்ட மனிதரின் இரத்தத்தைச் சோதித்து வகுக்கப்பட்டவை; அந்த ஆரோக்கியவான்களுக்குள்ளேயே ஈரலில் கொழுப்புடையோர் எத்தனை பேர் கலந்திருந்தார்கள் என்பதை அக்காலத்தில் யாரும் வடிகட்டவில்லை. 2002-இல் இத்தாலியின் மிலான் நகர ஆய்வாளர்கள், இரத்த தானம் செய்ய வந்த ஆறாயிரத்துக்கு மேற்பட்டோரை ஆராய்ந்து, பருமனும் கொழுப்புக் கோளாறும் உள்ளவர்களை விலக்கிப் பார்த்தபோது, ஆண்களுக்கு 30 என்றும் பெண்களுக்கு 19 என்றும் எல்லை இறங்கியது. 2017-இல் அமெரிக்க இரைப்பைக் குடலியல் கல்லூரி, ஆண்களுக்கு 29 முதல் 33 வரையிலும் பெண்களுக்கு 19 முதல் 25 வரையிலும் என்று வரையறுத்தது. பெண்ணுக்கு இயல்பு ஆணினும் தாழ்வு என்பதில் இரண்டு கணக்கும் ஒன்று. அவ்வாறிருக்க, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே '45' அச்சாகிற காகிதத்தில், பெண்ணின் 38 தலைகுனிந்து ஒளிந்துகொள்வதில் என்ன ஆச்சரியம்?

ஆராய்ச்சியிலுங்கூட ஆண்களே முந்திக்கொண்டார்கள். இந்நொதி உயர்ந்தவர்களுக்குப் பின்னாளில் சர்க்கரை வருகிறது என்று காட்டிய ஆய்வுகளுள் பேர்பெற்றதான மேற்கு ஸ்காட்லாந்து ஆய்வு முழுக்க முழுக்க ஆண்களைப் பற்றியது. பிரிட்டனின் இருபத்துமூன்று ஊர்களில் 60 முதல் 79 வயது வரையுள்ள பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவு 2009-இல் வந்தபோது, பெண்களிடத்தும் ஏ.எல்.டி.யும் ஜி.ஜி.டி. என்ற மற்றொரு நொதியும் அவ்வாறே முன்னறிவிக்கின்றன என்பதும், அவ்விரண்டில் ஜி.ஜி.டி.யே மேலான சாட்சியாக இருக்கலாம் என்பதும் தெரிந்தன.

இதைக் கேட்டுவிட்டு எல்லாப் பெண்களும் லேப் வாசலில் வரிசை நிற்க வேண்டும் என்பது என் கட்சியன்று. கொழுப்பேறிய ஈரலுடைய பலருக்கு இந்நொதி உயர்வதே இல்லை; உயர்ந்த பலருக்குச் சர்க்கரை வருவதும் இல்லை. நான் கேட்பது அற்பம்: எப்படியும் எடுக்கிற சோதனையில், பெண்ணுக்கென்று தனி எல்லையை அச்சிடுங்கள், அதைத் தாண்டியவளிடம் நாலு கேள்வி கேளுங்கள். கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்ததா? சினைப்பை நீர்க்கட்டி உண்டா? மாதவிலக்கு நின்றுவிட்டதா? பெற்றோருக்குச் சர்க்கரையா? கர்ப்பிணிகள் அனைவருக்கும் சர்க்கரை பார்க்க வேண்டுமென்று 2007-இலேயே ஆணையிட்ட தமிழ்நாட்டில், பிள்ளை பெற்றபின் அதே தாய் தன் சர்க்கரையை மறந்துபோகிறாள் என்றால், குழந்தைக்காகப் பார்த்ததை அவளுக்காகப் பார்க்க ஆளில்லை என்றுதானே பொருள்? 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். கணக்கின்படி இந்நாட்டில் சர்க்கரை வியாதியுள்ளோர் பத்துக் கோடிக்கு மேல். அதன் வாசற்படியில் நிற்பவர்களோ பதின்மூன்று கோடிக்கு மேல்.

ஐந்தாவதாக இடுப்பை அளக்க வேண்டும். அதற்குப் பைசா செலவில்லை. சென்னையில் டாக்டர் மோகன் குழுவினர் வகுத்த நீரிழிவு அபாய மதிப்பெண்ணில், பெண்ணின் இடுப்பு 80 சென்டிமீட்டரைத் தொட்டதுமே மதிப்பெண் ஏறத் தொடங்கி, 90-இல் உச்சத்தை எட்டுகிறது. வீடு தேடி வருகிற சுகாதார ஊழியரின் பையில் இரத்த அழுத்தக் கருவியோடு ஒரு நாடாவும் இருந்தால் போதும். (ஈரலைக் கழுவித் துடைப்பதாக விளம்பரம் செய்யும் டானிக்குகளுக்குக் கொடுக்கிற காசில் எத்தனை நாடா வாங்கலாம்!)

அண்ணியிடம் நாடாவுக்கா பஞ்சம்? எத்தனையோ இடுப்புகளை அளந்த அந்த மஞ்சள் நாடா அவர் கழுத்திலேயே மாலையாகக் கிடந்தது. தம் இடுப்பில் அதை ஒருநாளும் சுற்றிப் பார்த்ததில்லை. சுற்றினோம்: முப்பத்தேழரை அங்குலம், அதாவது அந்த 90 சென்டிமீட்டருக்கும் மேல். குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது 164. வியாதி என்பதற்கு 200 வேண்டும், இயல்பு என்பதற்கு 140-க்குள் வேண்டும். அதற்குப்பின் இரவுச் சோறு பாதியாயிற்று. மீந்ததை வீணாக்கக் கூடாதென்று சட்டியோடு வழித்துச் சாப்பிடும் வழக்கம் பெரிய சண்டைக்குப் பிறகு நின்றது. மிஷினை விட்டு எழுந்து நடப்பதும் ஏற்பட்டது. எட்டு மாதத்தில் ஆறு கிலோ குறைந்தபின் அதே லேப்பில் மறுபடி இரத்தம் கொடுத்தார். எஸ்.ஜி.பி.டி. 23 என்று வந்தது. எதிரே, முன்போலவே, '45 வரை'. பழைய காகிதத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துப் பார்த்தோம். 38-க்கும் 23-க்கும் அவை ஒரே மெல்லிய எழுத்தைத்தான் கொடுத்திருந்தன.