சிறு செலவில் ஒரு சிறந்த கோப்பை

மேனாட்டார் பலரிடம் ஒரு வழக்கம் உண்டு. குறைந்த விலையில் உயர்ந்த செந்நிறத் திராட்சை மது எங்கே கிடைக்கும் என்று கடை கடையாய்த் தேடுவதை அவர்கள் ஒரு கலையாகவே வளர்த்து வைத்திருக்கிறார்கள். அந்தத் தேடலை நம் நேயர்களுக்கு நாம் பரிந்துரைக்கப் போவதில்லை. மது புகுந்த வீட்டில் அடுப்பு எரியாமற் போன கதைகள் மலைநாட்டாருக்குப் புதியனவல்ல. ஆனால் அத்தேடலுக்குப் பின்னால் ஓர் அறிவு இருக்கிறது. அது நமக்கு வேண்டும். ஏனெனில் நம்மிடமும் ஒரு செந்நீர் உண்டு. ஹற்றனிலும் நுவரெலியாவிலும் விளைந்து உலகெங்கும் புகழ் பெற்ற அதனை நாம் வெகு சாதாரணமாகச் 'சாயத்தண்ணி' என்று அழைக்கிறோம்.

பெயரும் விலையும் வேறு, சுவை வேறு என்பதே அந்த அறிவின் முதற் பாடம். 1855ஆம் ஆண்டில் பாரிஸ் நகரப் பொருட்காட்சிக்காகப் பிரான்சின் போர்தோப் பகுதித் தரகர்கள் தங்கள் மதுத் தோட்டங்களைத் தரம் பிரித்தார்கள். அக்காலத்தில் எந்தத் தோட்டத்துக்கு எவ்வளவு பெயரும் விலையும் இருந்தன என்பதே அவர்கள் கைக்கொண்ட அளவுகோல். ஏறத்தாழ 170 ஆண்டுகள் ஆகியும் அப்பட்டியல் பெரிதும் மாறவில்லை. 1973இல் ஒரு தோட்டம் முதல் வரிசைக்கு உயர்ந்ததே அதில் நேர்ந்த பெரிய மாற்றம். ஆனால் 1976ஆம் ஆண்டு மே மாதத்தில் அதே பாரிஸில் ஒரு சோதனை நடந்தது. புட்டிகளின் பெயரை மறைத்து வைத்துப் பிரெஞ்சுச் சுவைஞர்களிடம் கொடுத்தபோது, செந்நிற மதுவில் அவர்கள் முதலிடம் அளித்தது அமெரிக்காவின் கலிபோர்னியாவில் விளைந்த ஒன்றுக்கு!

தேயிலைக்கு இத்தகைய நிலையான பட்டியல் கிடையாது. 1883ஆம் ஆண்டு யூலை 30ஆம் திகதி கொழும்பில் முதலாவது தேயிலை ஏலம் நடைபெற்றது. 2020 முதல் அந்த ஏலம் மின்வழியே நடக்கிறது. எனினும், ஏலத்துக்கு வரும் தேயிலையை ஊற்றிச் சுவைத்து மதிப்பிடும் வேலையை இன்றும் மனித நாவே செய்கிறது. பேர்போன தோட்டமாயினும் மழை வாரத்துத் தேயிலை விலை இறங்கலாம். பெயரறியாத தோட்டமாயினும் நல்ல வாரத்துத் தேயிலை விலை ஏறலாம். ஆகவே, சிறு வருவாயுள்ள குடும்பமும் நற்சுவையை நாடலாம். அதற்கு அறிந்துகொள்ள வேண்டியவை நான்கு: உயரம், பருவம், தரவெழுத்து, புதுமை.

முதலில் உயரத்தைப் பார்ப்போம். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் என்பவர் கண்டிச் சீமையின் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் காணப்பட்ட இலைத்துரு நோய் கோப்பித் தோட்டங்களை நாளடைவில் அழித்துவிடவே, அந்த நிலங்களிலெல்லாம் தேயிலை ஏறிக்கொண்டது. கடல் மட்டத்திலிருந்து 2,000 அடிக்குக் கீழே விளைவது தாழ்நிலத் தேயிலை. 2,000 முதல் 4,000 அடி வரை இடைநிலம். அதற்கு மேல் உயர்நிலம். இலங்கைத் தேயிலையிற் பாதிக்கு மேல் இன்று தாழ்நிலத்திலிருந்தே வருகிறது. அதன் சாயம் கருஞ்சிவப்பாய்த் தடித்திருக்கும். பாலுக்கு நன்கு ஈடு கொடுக்கும். உயர்நிலத்துக் கொழுந்தோ குளிரில் மெல்ல வளர்வதால் மணம் மிகுந்திருக்கும். 6,000 அடிக்கு மேலுள்ள நுவரெலியாத் தேயிலையின் சாயம் பொன்னிறம், மணம் மென்மை. ஹற்றன், டிக்கோயா, தலவாக்கலை, பொகவந்தலாவைப் பக்கத்தில், டிம்புள்ள எனப்படும் பிரதேசத்தில் விளைவது பளிச்சென்ற செந்நிறமும், நாவைச் சுண்டி எழுப்பும் துவர்ப்பும் உடையது. செந்நிற மதுவை மெச்சுவோர் தேடுகிற துவர்ப்பும் இவ்வகையைச் சேர்ந்ததே. பாலுக்குத் தாழ்நிலம், வெறுஞ்சாயத்துக்கு உயர்நிலம் என்று நினைவிற் கொண்டால் பாதித் தேர்வு முடிந்துவிடும்.

அடுத்தது பருவம். மேற்கு மலைச்சரிவுத் தோட்டங்களுக்குச் சனவரி முதல் மார்ச் வரையுள்ள மாதங்களே சிறந்த காலம். பகலில் வெயிலும், வரண்ட காற்றும், இரவில் கடுங்குளிருமாக இருக்கும் அந்நாட்களிற் கொழுந்து மெதுவாகவே துளிர்க்கும், மணம் செறியும். ஊவாப் பக்கத்துக்கு இக்காலம் யூலை முதல் செப்ரெம்பர் வரை வாய்க்கிறது. மழைக்காலத்திற் கொழுந்து மளமளவென்று வளர்ந்து கூடை விரைவில் நிறையும். ஆனால் அந்த மணம் வராது. பல தோட்டத்துத் தேயிலைகளைக் கலந்து, ஆண்டு முழுவதும் ஒரே சுவை தரும்படி அமைத்த பொதிகளில் இந்த வேறுபாடு தெரியாது. ஒரே தோட்டத்தின் பெயர் தாங்கிய பொதியிலேதான் பருவத்தின் அருமை விளங்கும்.

மூன்றாவதான தரவெழுத்துக்களில்தான் நம்மவர் மிகுதியாக மயங்குகிறார்கள். ஓ.பி., பி.ஓ.பி., பி.ஓ.பி.எவ்., டஸ்ட் என்று பொதிகளின்மேற் காணும் எழுத்துக்கள் முதன்மையாக இலையின் பருமனையே குறிக்கின்றன. வாட்டி, அரைத்து, பதம் வரும்வரை காற்றுப்பட வைத்து, உலர்த்திய தேயிலையைத் தொழிற்சாலையிற் பல கண்ணளவுள்ள சல்லடைகளிற் சலிக்கிறார்கள். பெரியது ஓ.பி.; உடைந்து சிறுத்தது பி.ஓ.பி.; அதனினும் சிறியது பி.ஓ.பி.எவ்.; கடைசியில் விழும் தூள் டஸ்ட். 'ஓரஞ்சு பீக்கோ' என்ற பெயருக்கும் ஓரஞ்சுப் பழத்துக்கும் தொடர்பே இல்லை. பெரிய இலை என்பதனால் அது உயர்ந்த தேயிலையாகிவிடாது. நல்லதோர் உயர்நிலத் தோட்டம் நல்ல பருவத்தில் ஆக்கிய சிறுதூள், சாதாரணத் தோட்டமொன்றின் நீண்ட இலையைச் சுவையில் வெல்லக்கூடும். சிறுதூளுக்குச் சாயம் விரைவில் இறங்குவதால் அளவும் குறைவாகவே போதும். பிரான்சிலும் விவரமறிந்தோர் பெரிய தோட்டங்களின் முதற் புட்டியை விட்டுவிட்டு, அதே தோட்டம் மலிவாக விற்கும் இரண்டாம் வரிசைப் புட்டியைத் தேடுவார்கள். சிக்கனத்தின் இரகசியம் இரு நாட்டிலும் ஒன்றுதான்.

நான்காவது புதுமை. தேயிலை அயலிலுள்ள வாசனையையெல்லாம் ஈர்த்துக்கொள்ளும். சவர்க்காரத்துக்கும் மிளகாய்த்தூளுக்கும் அருகே திறந்து கிடக்கும் தேயிலை, எந்த மலையிற் பிறந்திருந்தாலும் வீண்தான். பொதி செய்த திகதியைப் பார்த்துச் சிறு பொதியாக வாங்கி, காற்றுப் புகாத தகரத்தில் இட்டு வைப்பதே முறை. மிக மலிவாய் உதிரியாக விற்கும் தூளில் நிறமூட்டிய கழிவு கலந்திருக்கவும் கூடும். ஐயமிருந்தால் வெள்ளை வடிதாளின்மேல் சிறிது தூளைப் பரப்பி நீர் தெளித்துப் பாருங்கள். பின்னர் தூளை அகற்றித் தாளைக் கழுவிய பிறகும் நிறக்கறை தங்கினால், சாயம் கலந்தது என்று அறியலாம். பொதியின்மேல் வாளேந்திய சிங்க முத்திரை இருப்பின், அது இலங்கையில் விளைந்த தேயிலையை மட்டுமே கொண்டு இலங்கையிலேயே பொதி செய்யப்பட்டது என்பதற்குத் தேயிலைச் சபையின் அத்தாட்சி.

'இவையெல்லாம் பணக்காரருக்கு ஆகும்' என்று சிலர் சொல்லக்கூடும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கோப்பைக்கு 2 கிராம் தேயிலை வேண்டும். எனவே 100 கிராம் பொதியில் 50 கோப்பைகள் உண்டு. ஒரு பொதி மற்றதைவிட நூறு ரூபா கூடுதலானால், கோப்பை ஒன்றுக்கு ஏறும் செலவு இரண்டே ரூபா! நாளாந்தப் பாவனைக்குச் சாதாரணத் தேயிலையை வைத்துக்கொண்டு, ஞாயிறு காலைக்கென்று மட்டும் நல்ல பொதியொன்றை வாங்கினால் அது பல வாரம் வரும். 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்கள் வாங்கிய தோமஸ் லிப்டன் இந்தக் கணக்கை நன்கறிந்தவர். சிறு பொதிகளாக மலிவு விலைக்குக் கொடுத்தே அவர் பிரித்தானியத் தொழிலாளர் வீடுகளுக்குள் தேயிலையைக் கொண்டு சென்றார்.

வாங்கியதை ஆக்கும் முறையிலும் கவனம் வேண்டும். தேயிலையைக் கேத்தலில் இட்டுக் காய்ச்சுவது, வாசனையை ஆவியோடு அனுப்பிவிடும் வேலை. புதிதாய்ப் பிடித்த நீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, சூடாக்கிய பாத்திரத்திலுள்ள தேயிலையின்மேல் ஊற்றி மூடி, மூன்று நான்கு நிமிடம் விடுங்கள். நுவரெலியாவின் உயரத்தில் நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடுவதால், அங்குள்ளோர் இன்னுமொரு நிமிடம் பொறுப்பது நலம். முதல் மிடறைப் பாலும் சீனியும் இன்றிப் பருகினாற்றான் தேயிலையின் உண்மையான குணம் தெரியும். இன்னொரு குறிப்பு: சாயத்தை உணவோடு சேர்த்துக் குடித்தால், உணவிலுள்ள இரும்புச் சத்து உடலிற் சேர்வது குறையும். ரொட்டியும் சாயமுமாகக் காலையுணவை முடித்துக்கொண்டு மலையேறும் தாய்மார், இரண்டுக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விடுவது நன்று.

மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறோம். விலை வேறுபட்ட மூன்று தேயிலைகளைச் சம அளவில், சம நேரம் ஊறவைத்து, பெயர் தெரியாதபடி மூன்று கோப்பைகளில் வீட்டாருக்குக் கொடுங்கள். அவரவர் எதைத் தெரிந்தெடுத்தார் என்று எழுதிய பின்னரே பெயரைச் சொல்லுங்கள். பாரிஸ் நகரச் சுவைஞர்கள் பட்ட வியப்பு உங்கள் வீட்டிலும் நிகழலாம்.

இதை நாம் வலியுறுத்துவதற்குக் காரணம் சிக்கனம் மட்டுமன்று. ஒரு கிலோத் தேயிலைக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோப் பச்சைக் கொழுந்து வேண்டும். ஒரு நாளில் 18 கிலோப் பறிக்கும் தாயொருத்தியின் கூடையிலிருந்து 4 கிலோத் தேயிலை, அதாவது 2,000 கோப்பை, பிறக்கிறது. இலங்கைத் தேயிலையின் பெரும்பகுதி கடல் கடந்து செல்கிறது. அயல்நாட்டார் அதன் தோட்டப் பெயரையும், பருவத்தையும், மலையின் உயரத்தையும் படித்துச் சுவைக்கிறார்கள். அதே கொழுந்தைப் பறித்தவளின் லயத்திலோ பெரும்பாலும் பெயரற்ற தூளே கொதிக்கிறது. தன் கை ஆக்கிய பொருள் எத்தகையது என்று அறியாதிருப்பதும் ஒரு வறுமையே. இரண்டாயிரம் கோப்பைகளை உலகுக்கு அனுப்பியவள் ஒரு கோப்பையையேனும் அதன் முழு மணத்தோடு பருக வேண்டாமா? அடுத்த மார்கழி விடுமுறைக்கு மலைக்குத் திரும்பும் பிள்ளைகள், வரும்போது ஒரு சிறு பொதி நல்ல தேயிலை வாங்கி வந்து, தாமே ஊற்றித் தாயின் கையில் முதலிற் கொடுக்கட்டும்.