டொலர் தேடி வரும் என்ற பொய்

அம்பாறைக் கரையோர ஊர்களின் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு விளம்பரம் ஓய்வதே இல்லை. வீட்டிலிருந்தே டொலர் உழைக்கலாம். யாரையும் பிடிக்கத் தேவையில்லை. ஆங்கிலம் சுமாராகத் தெரிந்தால் போதும். ஒரு லெப்டொப்பும் இணைய இணைப்பும் இருந்துவிட்டால் சவளக்கடையும் சிக்காகோவும் ஒன்றுதான். கோர்ஸ் நடத்துபவர் மாறுவார், கட்டணம் மாறும், சாரம் மாறாது: பைவர், அப்வேர்க் போன்ற இணைய வேலைத் தளமொன்றில் கணக்கைத் திற, திறமையைக் காட்டு, கிளையன்ட் தானாக வருவார்.

இதில் திறமை வேண்டும் என்ற பகுதி மட்டும் சரி. கிளையன்ட் தானாக வருவார் என்பது பொய். அறிமுகம் எதுவும் இல்லாமலே பிழைத்துக்கொள்ளலாம் என்பது அதைவிடப் பெரிய பொய்.

இந்தப் பொய் இவ்வளவு இனிப்பதற்குக் காரணம் உண்டு. 2022 மார்ச்சில் மத்திய வங்கி ரூபாவை மிதக்க விட்டது. இருநூறு ரூபா அளவில் நின்ற டொலர் இரண்டு மாத அளவில் முந்நூற்றைம்பதைத் தாண்டியது. மாதச் சம்பளக்காரர் காஸுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்றபோது, வெளிநாட்டுக் கிளையன்டுக்கு வேலை செய்த ஒரு சிலரின் வருமானம் ரூபாக் கணக்கில் ஏறத்தாழ இரட்டித்தது. அந்த ஒரு சிலரைத்தான் ஊர் பார்த்தது.

இன்னொரு காரணம் இதைவிடப் பழையது. இந்தக் கரையில் அரச நியமனம் என்றால் அரசியல்வாதியின் வீட்டு வாசலில் நிற்பது, கடிதம் எடுப்பது, தேர்தல் வந்ததும் அந்தக் கடனை வட்டியோடு தீர்ப்பது. பட்டத்தை முடித்துவிட்டு நியமனத்துக்காக வருடக்கணக்கில் காத்திருந்த ஒரு தலைமுறைக்கு, முகம் தெரியாத ஒரு அமெரிக்கன் வேலையை மட்டும் பார்த்துக் காசு தருவான் என்ற செய்தி விடுதலையாகவே கேட்டிருக்கும். அந்த ஆசை நியாயமானது. அதைக் காசாக்குகிறவர்களோடுதான் இங்கே வழக்கு.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இணைய ஆய்வாளர்கள் 2021இல் உலகம் முழுவதிலுமுள்ள இத்தகைய தளங்களை எண்ணிப் பார்த்தார்கள். பதிவான ஃப்ரீலான்சர் கணக்குகள் ஏறத்தாழ 16 கோடி 30 இலட்சம். ஒருமுறையாவது வேலை கிடைத்தவை சுமார் 1 கோடி 90 இலட்சம். பத்து வேலை முடித்தவை அல்லது மொத்தமாக ஆயிரம் டொலராவது உழைத்தவை சுமார் 50 இலட்சம். நூறு கணக்கில் பன்னிரண்டுக்குத்தான் ஒரு வேலையாவது கிடைத்தது. பத்து வேலையையோ ஆயிரம் டொலரையோ தொட்டவை மூன்று. ஒரே ஆள் பல தளங்களில் கணக்கு வைத்திருப்பார், சிலர் திறந்துவிட்டு மறந்திருப்பார்கள் என்று கழித்தாலும், மிஞ்சுவது விளம்பரத்தில் சொல்லும் உலகமல்ல. ஆயிரம் டொலர் என்பது மாதச் சம்பளமும் அல்ல. அந்தக் கணக்கின் முழு ஆயுளிலும் வந்தது அது.

அடுத்தது செலவு. அப்வேர்க்கில் வேலைக்கு விண்ணப்பிப்பதே காசு. ‘கனெக்ட்’ என்ற டோக்கன் வாங்க வேண்டும். ஒன்று 15 அமெரிக்கச் சதம். ஒரு வேலைக்குப் பதினாறு கனெக்ட் கேட்டால் 2 டொலர் 40 சதம். டொலர் 300 ரூபா என்று வைத்தால் 720 ரூபா. ஐம்பது விண்ணப்பத்துக்கு 36,000 ரூபா. வேலை வேறொருவருக்குப் போனால் அந்தக் காசு திரும்பாது. பட்டியலில் மேலே தெரிய வேண்டுமா, கூடுதல் கனெக்ட் வைத்து ஏலம் கேட்கலாம். அதாவது வேலை தேடி வந்தவரே அங்கே வாடிக்கையாளர். 2010இல் தொடங்கிய பைவருக்குப் பெயரே ஐந்து டொலர் வேலையிலிருந்து வந்தது. அங்கே ஒவ்வொரு கொடுப்பனவிலும் 20 வீதம் தளத்துக்கு. ஐந்து டொலருக்கு லோகோ வரைந்தவருக்கு நாலு டொலர். அதை வங்கிக்கு எடுக்கும் கட்டணம் தனி.

இடம் என்பது ஒழிந்துவிட்டது என்ற பேச்சும் அப்படித்தான். மாரி மழையில் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்தால் சவளக்கடைக்காரருக்குக் கல்முனைக்குப் போவதே பெரும்பாடு. அவரிடம் போய் இனி இடம் ஒரு பிரச்சினையே இல்லை என்று சொல்ல அசாத்தியத் துணிச்சல் வேண்டும். அப்வேர்க்கில் அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்ட வேலைகள் இருக்கின்றன. பேபாலில் இலங்கையர் காசு அனுப்பலாம், வாங்க முடியாது. பேபால் தவிர வேறெதுவும் வேண்டாம் என்கிற கிளையன்ட் அந்த இடத்திலேயே கைநழுவுகிறார். 2025 ஏப்ரல் முதல் வெளிநாட்டுச் சேவை வருமானத்துக்கு வரிவிலக்கும் இல்லை. ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா என்ற தனிநபர் நிவாரணத்துக்கு மேல், உச்சமாக 15 வீதம். வரி கட்டுவது தவறல்ல. கோர்ஸ் விற்கும்போது அதைச் சொல்லாமல் விடுவதுதான் தவறு.

சரி, தளத்துக்குள் யார்தான் எடுபடுகிறார்கள்? இது ஊகத்துக்கு விட்ட விஷயமல்ல. அப்வேர்க்கின் முன்னைய பெயர்களில் ஒன்றான ஓடெஸ்க்கில் பொருளியலாளர்கள் பல ஆண்டு ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். அமண்டா பலே என்ற ஹார்வர்ட் பொருளியலாளர் ஒரு காரியம் செய்தார். தரவு பதியும் சிறு வேலையொன்றுக்கு விண்ணப்பித்தவர்களில் 952 பேரைக் குலுக்கல் முறையில் எடுத்து, வேலை கொடுத்து, பகிரங்கமாக மதிப்பீடும் எழுதினார். எடுபட்டவர்களுக்கு அதற்குப் பிறகு வேலை கிடைப்பது தெளிவாகக் கூடியது. எடுபடாதவர்கள் பழைய இடத்திலேயே நின்றார்கள். இரு பக்கத்துக்கும் திறமையில் வேறுபாடு கிடையாது, பிரித்தது குலுக்கல்தானே. 2014இல் வெளியான அந்த ஆய்வு காட்டுவது இதைத்தான்: திறமையை யாரும் தூரத்திலிருந்து பார்த்துக் கண்டுபிடிப்பதில்லை. யாரோ ஒருவர் முதலில் நம்ப வேண்டும்.

அந்த முதல் ஆள் எங்கிருந்து வருவார்? கிறிஸ்டோபர் ஸ்டான்டன், கதரின் தோமஸ் என்ற இருவர் அதே தளத்தை ஆராய்ந்து 2016இல் எழுதினார்கள். அங்கே சிறு சிறு குழுக்கள் இயங்குகின்றன. வெளியே ஒருவரையொருவர் அறிந்த சிலர் ஒரு பெயரின் கீழ் சேர்ந்து வேலை எடுக்கிறார்கள். அப்படியொரு குழுவில் இருக்கும் புதியவருக்கு முதல் வேலை சீக்கிரம் கிடைக்கிறது, கூலியும் கூட. அனுபவம் ஏறியபின் குழுவின் பயன் தேய்ந்துவிடுகிறது. எஜாஸ் கனி, வில்லியம் கெர், ஸ்டான்டன் மூவரும் செய்த இன்னொரு ஆய்வு நம் ஊர்களுக்கு இன்னும் நெருக்கமானது. வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளியினர், மற்ற முதலாளிகளைவிடக் கூடுதலாக இந்தியாவிலுள்ளவர்களுக்கே ஓடெஸ்க்கில் வேலை கொடுத்தார்கள் என்று அது கண்டது. ஊர் பேர் பார்க்காத சந்தை என்று விற்கப்படும் இடத்திலேயே ஊர் பேர் பார்க்கப்படுகிறது.

வேளாண்மை வெட்டுக் காலத்தில் சவளக்கடை வட்டைகளுக்கு வருகிறவர்களுக்கு இது புதினமல்ல. வெளி மாவட்டத்திலிருந்து மிஷின் கொண்டு வருபவர் ஊருக்குள் தெரிந்த ஒருவரைப் பிடிக்காமல் வயலில் இறங்குவதில்லை. போடியாருக்கு மிஷினைத் தெரியாது, கூட்டி வந்தவரைத் தெரியும். முதல் வயலை நெல் சிந்தாமல் வெட்டிவிட்டால் பக்கத்து வயல்காரர் தானே கூப்பிடுவார்.

கோர்ஸ்காரர்கள் இந்த இடத்தில் சோஹோ என்ற மென்பொருள் கொம்பனியை இழுப்பார்கள். தென்காசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து உலகத்துக்கு மென்பொருள் விற்கிறார் ஸ்ரீதர் வேம்பு, சவளக்கடையிலிருந்து ஏன் முடியாது என்பார்கள். வரலாற்றைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் படித்தால் கதை வேறு. அந்தக் கொம்பனி 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியது. வேம்பு அமெரிக்காவில் முனைவர் பட்டம் முடித்து, குவால்கொமில் வேலை பார்த்தவர். ஒரு கால் சென்னையிலும் ஒரு கால் அமெரிக்காவிலும் வைத்து, தொலைத்தொடர்புக் கருவி செய்யும் கொம்பனிகளுக்கு விற்றுப் பெயரெடுத்த பிறகே, 2011இல் தென்காசியில் அலுவலகம் திறந்தது. கிராமம் கிளையன்டைக் கொண்டுவரவில்லை. கிளையன்ட் இருந்ததால் கிராமத்துக்குப் போக முடிந்தது.

அப்படியானால் மறுபடியும் எம்.பி.யின் வாசலுக்கே போகச் சொல்வதா? இல்லை. அங்கே வேண்டியது அதிகாரம் உள்ள ஆள். அவர் வேலையைப் பார்ப்பதில்லை, விசுவாசத்தைப் பார்க்கிறார். இங்கே வேண்டியது வேலையைக் கண்ணால் பார்த்த ஆள். நெருங்கிய சொந்தமாக இருக்கவும் தேவையில்லை. மார்க் கிரானோவெட்டர் 1973இலேயே எழுதினார்: உற்ற நண்பர்களைவிடத் தூரத்துப் பழக்கமுள்ளவர்கள் வழியாகத்தான் புதிய வேலைச் செய்தி வருகிறது, ஏனென்றால் உற்றவருக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்ததுதான். லிங்க்ட்இன்னில் 2 கோடிப் பேருக்கு மேல் வைத்துச் செய்து 2022இல் வெளியான பரிசோதனையும் அந்தப் பக்கமே சாய்ந்தது. சற்றே தளர்ந்த பழக்கங்கள்தான் வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவின.

தளர்ந்த பழக்கத்துக்கு இந்தக் கரையில் பஞ்சமா? கட்டாரிலும் சவூதியிலும் கணக்குப் பிரிவில், கடையில், கட்டட நிறுவனத்தில் இருக்கும் ஊரவர் எத்தனை பேர்! லண்டனில் கடை வைத்திருக்கும் தமிழர் எத்தனை பேர்! ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்து வெளியேறிக் கொழும்பு மென்பொருள் கொம்பனிகளில் இருக்கும் பட்ச்காரர் எத்தனை பேர்! இந்தப் பழக்கங்களைத் தொடாமல், ஐந்து டொலர் லோகோவுக்கு டாக்காவோடும் லாகூரோடும் விலை குறைக்கப் போட்டி போடச் சொல்லித்தான் கோர்ஸ் கற்றுக்கொடுக்கிறது. கைக்கெட்டும் தூரத்திலும் வேலை கிடக்கிறது. சம்மாந்துறையின் அரிசி ஆலைக்கு இருப்புக் கணக்கு வேண்டும். மருதமுனைக் கைத்தறிக்காரருக்குச் சாரனின் நிறம் சரியாகத் தெரியும் படமும், ஓடர் எடுக்க ஒரு பக்கமும் வேண்டும். தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் சேர்ந்து ஓடும் இந்த மாவட்டத்தில் மூன்றிலும் எழுதத் தெரிந்தவரோடு போட்டியிட வெளிநாட்டில் ஆளே இல்லை. ரூபாவில் வருகிறது என்று இந்த வேலையைக் கேவலமாக நினைக்க வைத்ததும் அதே விளம்பரம்தான். நாளைக்கு டொலர்க்காரர் கேட்கப்போவதும் இதுவரை யாருக்கு என்ன செய்தாய் என்பதைத்தான்.

ஓர் ஆட்சேபணைக்கு மட்டும் நின்று பதில் சொல்ல வேண்டும். பஸாரில் இறங்கிக் கடை கடையாகப் பேசுவது ஆண் பிள்ளைகளுக்குச் சரி, வீட்டை விட்டு அதிகம் வெளிக்கிடாத பெண் பிள்ளைகள் என்ன செய்வது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இந்த விளம்பரம் அதிகம் குறிவைப்பதும் அவர்களைத்தான். ஆனால் பாடசாலையிலும் வளாகத்திலும் கூடப் படித்தவர்கள் அவர்களுக்கும் உண்டு, அந்தத் தொடர்புகள் தொலைபேசியிலேயே இருக்கின்றன. அனுபவமுள்ள ஒருத்தியின் கீழ் நாலைந்து பேர் சேர்ந்து வேலையைப் பங்கிட்டுச் செய்ய வீட்டுப் படி இறங்கத் தேவையில்லை. ஸ்டான்டனும் தோமஸும் கண்ட குழுவும் அடிப்படையில் இதுதான். தனியே ஒரு அறையில் இருந்து கனெக்ட் வாங்கிக்கொண்டிருப்பதைவிட இது மேல்.

தளங்களே வேண்டாம் என்று இங்கே சொல்லப்படவில்லை. காசைப் பிடித்து வைத்து, வேலை முடிந்ததும் கொடுக்கிற இடமாக, மதிப்பீடு சேர்கிற ஏடாக அவை உதவும். முதல் ஆளைத் தேடித் தரும் இடமாக மட்டும் அவற்றை நம்பக்கூடாது. நம்பி ஏமாந்தவர்களில் சிலர் காசுக்குப் பொய் மதிப்பீடு வாங்குகிறார்கள். அது தளத்தின் விதிக்கு விரோதம், பிடிபட்டால் கணக்கே போய்விடும்.

கடைசியாக, கோர்ஸ் விற்பவருக்கு மாணவர் எப்படிச் சேர்கிறார்கள் என்று பாருங்கள். மச்சானின் வட்ஸ்அப் குழு, பழைய மாணவர் சங்கம், ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் நடக்கும் பேச்சு. அறிமுகமே தேவையில்லை என்று போதிப்பவர் தன் கிளையன்டை முழுக்க அறிமுகத்தால்தான் பிடிக்கிறார். தொழில் தெரிந்தவர்தான், மறுப்பதற்கில்லை.

ஆகவே கட்டணத்தைக் கட்டுவதற்கு முன் பெற்றோர் ஒன்றைக் கேட்க வேண்டும். கடந்த மூன்று மாதத்தில் மாணவர் கட்டணம் தவிர, வெளிநாட்டுக் கிளையன்டிடமிருந்து உங்கள் வங்கிக்கு வந்த காசின் பதிவைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். காட்டினால் அவருடைய முதல் கிளையன்ட் யார், எப்படி அறிமுகம் என்றும் கேளுங்கள். காட்டாவிட்டால் காசை மடியிலேயே வைத்துக்கொண்டு எழும்பி வாருங்கள்.