கம்பெனி கைவிட்ட கம்ப்யூட்டரும் நம் பிள்ளைகளும்



2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள், உலகெங்கும் கோடிக்கணக்கான கம்ப்யூட்டர்கள் ஒரே நாளில் கிழடாகிவிட்டன. எந்த இயந்திரத்திலும் சக்கரம் தேயவில்லை. எந்தத் திரையும் அணைந்துபோகவில்லை. முதல் நாள் ஓடியது போலவே மறுநாளும் ஓடின. ஆயினும், ‘விண்டோஸ் 10’ என்ற தன் மென்பொருளுக்கு அன்றோடு இலவசப் பாதுகாப்புத் திருத்தம் நின்றுவிடும் என்று மைக்ரோசாஃப்ட் கம்பெனி நாள் குறித்திருந்தது. நாள் வந்தது, நிறுத்தினார்கள்.

கூலிக்கு உழைக்கிற நமக்கு இதில் என்ன என்று கேட்பவர் உண்டு. சொல்கிறேன்.

மென்பொருள் என்பது இயந்திரத்துக்கு மனிதன் எழுதிவைத்த கட்டளைகளின் கோவை. விண்டோஸ் போன்ற ஒன்றில் அவை கோடிக்கணக்கான வரிகள். மனிதன் எழுதியது; ஆகவே பிழை இல்லாமல் இராது. திருடன் நுழையும்படியான ஓட்டை தென்படும்போதெல்லாம் உடனுக்குடன் அடைக்க வேண்டும். அடைப்பதற்கு மூல எழுத்து கையில் இருக்க வேண்டும். அந்த எழுத்தோ கம்பெனியின் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிறது. அவர்கள் அடைக்க மறுத்தால் வேறு எவரும் அந்த எழுத்தைத் திருத்தி அடைக்க வழியில்லை, சட்டமும் விடாது.

“அதுதான் விண்டோஸ் 11-ஐ இலவசமாகவே தருகிறார்களே” என்று சிலர் சொல்கிறார்கள். தருகிறார்கள், எல்லாருக்கும் அல்ல. 2021 அக்டோபரில் அது வெளிவந்தபோதே வாசலில் காவல் போட்டுவிட்டார்கள். இன்டெல் சில்லு என்றால் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாடும் இருக்க வேண்டும். எட்டாம் தலைமுறைச் சில்லு சந்தைக்கு வந்ததே 2017-ன் பிற்பகுதியில்தான். அதற்கு முன் வாங்கியவர்களில் ஏறக்குறைய எல்லாரும் வாசலுக்கு வெளியே. இத்தனைக்கும் 2015-ல் அதே கம்பெனியின் அலுவலர் ஒருவர் மேடையேறி, இதுதான் கடைசி விண்டோஸ் என்று பேசியவர்!

வீட்டில் வைத்திருப்போருக்கு ஓராண்டுத் தவணை கொடுத்தார்கள். அதற்கும் விலை உண்டு. 30 டாலர் கட்டு. இல்லையேல் எங்களிடம் கணக்குத் திறந்து, உன் கம்ப்யூட்டரின் அமைப்புகளை எங்கள் கிடங்கில் படியெடுத்து வை என்றார்கள். ஐரோப்பாவில் நுகர்வோர் அமைப்புகள் குரல் எழுப்பின. 2025 செப்டம்பரில் அங்கே மட்டும் காசும் வேண்டாம், படியெடுப்பும் வேண்டாம் என்று இறங்கி வந்தார்கள். நம் நாட்டுக்கு அந்தச் சலுகை வரவில்லை. சங்கம் கட்டியவனுக்குச் சலுகை, கட்டாதவனுக்குச் சட்டம். ரயில்வேயில் இருபது வருஷம் சங்க வேலை பார்த்தவனுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

புதுக் கம்ப்யூட்டர் வாங்கும் வசதி படைத்தவனுக்கு இது ஒரு நாள் தலைவலி. நம் சால்களிலும் குடிசைப் பகுதிகளிலும் பிள்ளைகள் வைத்திருப்பவை எவை? ஏதோ ஒரு ஆபீஸ் கழித்துக்கட்டி, மும்பை லாமிங்டன் ரோட்டிலோ டெல்லி நேரு பிளேஸிலோ கைமாறி வந்தவை. பத்து வயதான இயந்திரங்கள். ‘இது இனிக் குப்பை’ என்று கம்பெனி சொன்னால் முதலில் அடிபடுவது அந்தப் பிள்ளைகள்தான். குப்பையானது அடுத்து எங்கே போகிறது? டெல்லி சீலம்பூருக்கு. அங்கே கையுறைகூட இல்லாமல் உடைத்து, எரித்து, அமிலத்தில் கழுவிச் செம்பு எடுப்பவர்களும் ஊர்விட்டு ஊர் வந்து பிழைக்கும் ஏழைகளே.

சரி, நல்ல மென்பொருள் எது? பத்திரிகைகள் புதுமை, வேகம், அழகு என்று அடுக்கும். கவுண்ட்டரில் உட்கார்ந்து பிழைக்கிற என் அளவுகோல் வேறு. ரயில்வேயில் கம்ப்யூட்டர் முன்பதிவு 1985-ல் டெல்லியில் தொடங்கியது. அதற்கு முன் ஒவ்வொரு வண்டிக்கும் பெரிய பெரிய ரிஜிஸ்டர்கள் இருந்தன என்று மூத்த குமாஸ்தாக்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். எந்தத் தேதியின் பக்கம் எந்த ரிஜிஸ்டரில் இருக்கிறது என்று அவர்கள் கை அறிந்திருந்தது. இன்று விசைப்பலகையில் எங்கள் விரல் அப்படித்தான் தானாகப் போகிறது. கண் பயணியின் முகத்தைப் பார்க்கும், வாய் தேதியைக் கேட்கும், விரல் தன் பாட்டுக்கு ஓடும். இந்தக் கைப்பழக்கம் தொழிலாளி காலம் செலவிட்டுச் சம்பாதித்த சொத்து. ஒரு நாள் காலையில் பொத்தான்களை எல்லாம் இடம் மாற்றி வைத்து, ‘இதுதான் முன்னேற்றம், பழகிக்கொள்’ என்றால் அது சொத்துப் பறிமுதல் அல்லாமல் வேறென்ன?

அப்படிப்பட்ட பறிமுதல் பெரிய அளவில் நடந்தது. 2012 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 8-ல், 1995 முதல் இடது மூலையில் இருந்துவந்த ‘ஸ்டார்ட்’ பொத்தானையே எடுத்துவிட்டார்கள். விரலால் தொடும் பலகைக் கம்ப்யூட்டர்களின் சந்தையைப் பிடிக்க வேண்டும் என்ற அவசரம். எலியும் விசைப்பலகையும் வைத்து வேலை செய்கிற கோடானுகோடிப் பேர் திக்குத் தெரியாமல் நின்றார்கள். கூச்சல் எழுந்தபின், ஓராண்டு கழித்துப் பொத்தான் மட்டும் திரும்பி வந்தது. பழைய பட்டியல் உருப்படியாகத் திரும்பியது 2015 ஜூலையில், அதாவது விண்டோஸ் 10-ல். ஏறக்குறைய மூன்று வருஷம் காத்திருப்பது தவிர மக்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

எதிர்ப்பக்கத்தையும் பார்ப்போம். 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்துக்கு ஜெராக்ஸ் கம்பெனியின் அச்சு இயந்திரம் ஒன்று வந்தது. காகிதம் அடிக்கடி சிக்கும். சிக்கினால் எல்லாருக்கும் தகவல் போகும்படி திருத்த ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் மூல எழுத்தைக் கேட்டார், கொடுக்க மறுத்தார்கள். அந்தக் கோபமும் ஒரு காரணமாக, 1983-ல் ‘க்னூ’ என்ற இயக்கத்தை அறிவித்தார். எவரும் ஓட்டலாம், படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். திருத்தி வெளியிடுபவன் மூல எழுத்தையும் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்பது அதன் உரிமப் பத்திரத்தின் சாரம். 1991-ல் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய ‘லினக்ஸ்’ வந்து சேர்ந்தது. சாதாரண ஆளுக்கும் பிடிபடும்படி ஜன்னல்களும் படங்களுமாக அதற்கு முகம் வேண்டுமே! 1996-ல் ஜெர்மனியிலிருந்து ‘கே.டி.ஈ.’, 1997-ல் மெக்ஸிகோ இளைஞர் மிகேல் டி இகாசாவும் அவர் நண்பரும் தொடங்கிய ‘க்னோம்’ என்று இரண்டு முகங்கள் பிறந்தன. உழைத்தவர்களில் மிகப் பலர் சம்பளம் வாங்காதவர்கள்.

இவர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று நான் வாதிக்கப் போவதில்லை. 2008 ஜனவரியில் கே.டி.ஈ. தன் நான்காம் பதிப்பை அரைவேக்காடாக வெளியிட்டது. பழைய பதிப்பில் செய்துவந்த வேலைகள் பல அதில் நடக்கவில்லை. டோர்வால்ட்ஸே வெறுத்துப்போய் க்னோமுக்கு மாறினார். 2011 ஏப்ரலில் க்னோம்காரர்கள் தம் பங்குக்கு மூன்றாம் பதிப்பைக் கொண்டுவந்து, கீழே இருந்த ஜன்னல் பட்டியலை எடுத்தார்கள், ஜன்னலைச் சுருக்கும் பொத்தானை எடுத்தார்கள், மேசைமேல் இருந்த படங்களை எடுத்தார்கள். முறையிட்டவர்களுக்குக் கிடைத்த பதில்களில் ‘பழகிக்கொள்’ என்ற தொனியே மிகுதி. டோர்வால்ட்ஸ் திட்டித் தீர்த்துவிட்டு அங்கிருந்தும் வெளியேறினார். கூலி வாங்காமல் உழைக்கிறேன் என்பதால் பிறர் கையை முடக்கும் உரிமை ஒருவனுக்கு வந்துவிடாது. இந்த ஆணவத்தில் கம்பெனிக்காரனுக்கும் இவர்களுக்கும் நான் வித்தியாசம் காணவில்லை.

வித்தியாசம் அதற்குப் பிறகு நடந்ததில் இருக்கிறது. அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஒரு பயனாளி, அதே 2011-ல், கைவிடப்பட்ட பழைய க்னோமின் மூல எழுத்தை எடுத்துத் தொடர்ந்து திருத்தத் தொடங்கினார். தம் நாட்டார் குடிக்கும் மூலிகைத் தேநீரின் பெயரையே ‘மாத்தே’ என்று அதற்குச் சூட்டினார். ‘லினக்ஸ் மின்ட்’ குழுவினர் புது க்னோமின் எழுத்தையே எடுத்து, பழைய பழக்கத்துக்கு ஏற்றபடி திருத்தி ‘சின்னமன்’ என்றொரு முகம் செய்தார்கள். கே.டி.ஈ.யின் மூன்றாம் பதிப்பையும் ‘டிரினிட்டி’ என்ற பெயரில் வேறு சிலர் காப்பாற்றி வருகிறார்கள். எவரும் எவரிடமும் அனுமதி கேட்கவில்லை; கேட்கத் தேவையும் இல்லை. ஏறக்குறைய ஒரே காலத்தில் இரண்டு பக்கமும் ஒரே தவற்றைச் செய்தன. ஒரு பக்கத்து மக்கள் கம்பெனி மனம் மாறும்வரை காத்துக் கிடந்தார்கள். மறுபக்கத்து மக்கள் ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டுத் தம் வேலையைப் பார்த்தார்கள். தொழிலாளிக்குச் சம்பள உயர்வுக்கு முன்னால் வேண்டியது மறுக்கும் உரிமை. கம்ப்யூட்டர் விஷயத்திலும் அப்படியே.

பூட்டிய பெட்டியால் வரும் கேடு பொத்தானோடு நிற்பதில்லை. பிரிட்டன் தபால் நிலையங்களில் 1999 முதல் ஃபுஜிட்சு கம்பெனியின் ‘ஹொரைஸன்’ என்ற கணக்கு மென்பொருளைப் புகுத்தினார்கள். மாலையில் பணத்தை எண்ணினால் கம்ப்யூட்டர் குறைவு காட்டும். நிலையம் நடத்தியவர்கள் கைப்பணத்தைப் போட்டு ஈடுகட்டினார்கள். வீட்டை விற்றவர்கள்கூட உண்டு. 900-க்கும் மேற்பட்டோர் திருடர் என்றும் பொய்க்கணக்கு எழுதியவர் என்றும் தண்டிக்கப்பட்டார்கள், சிறைக்கும் போனார்கள். கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்று நீதிமன்றங்கள் நம்பின. உள்ளே இருந்த எழுத்தைப் பார்க்க அவர்களுக்கு வழி இல்லை. 555 பேர் ஒன்று திரண்டு வழக்காடியபின், 2019 டிசம்பரில்தான் மென்பொருளில் பிழைகள் இருந்தன என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024-ல் பார்லிமெண்டே தனிச் சட்டம் போட்டுத் தண்டனைகளை ரத்து செய்தது. அன்றாடம் கல்லாக் கணக்கு ஒப்புவிக்கும் எவனும் இதைப் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது.

திறந்து கிடந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. 2024 மார்ச்சில் ‘எக்ஸ்.இஸட்.’ என்ற சிறு மென்பொருளுக்குள் எவரோ கள்ளவாசல் வைத்திருந்தது அம்பலமாயிற்று. கோப்புகளைச் சுருக்கிக் கட்டும் சிறு கருவி அது. உலகில் எண்ணற்ற சர்வர்கள் அதைச் சார்ந்திருக்கின்றன. அதைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வந்தவர் கூலியில்லாத ஒரே ஒரு மனிதர். அவர் களைத்திருந்த நேரம் பார்த்து, உதவிக்கு வருபவன் போல ஒருவன் நுழைந்து நம்பிக்கை பெற்றுவிட்டான். ஆண்ட்ரெஸ் ஃப்ராயின்ட் என்ற பொறியாளர், உள்ளே நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாகிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டியதால் அது பிடிபட்டது. அவர் மைக்ரோசாஃப்டில் வேலை பார்ப்பவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நல்ல தொழிலாளி எங்கும் உண்டு. பெரும் பெரும் கம்பெனிகள் அந்த ஒற்றை ஆளின் இலவச உழைப்பின்மீது மாடி கட்டிக்கொண்டு, அவருக்கு ஒரு கைத்துணைகூட அனுப்பவில்லை என்பதே என் கோபம். இலவச மென்பொருள் என்று மகிழும்போது அதன் பின்னால் ஒருவனின் தூக்கம் இருக்கிறது.

இனி நம் காரியத்துக்கு வருவோம். சங்கத்தின் மாலைப் படிப்பறையில் ஆறு கம்ப்யூட்டர்கள் உள்ளன. ஒன்றுகூட விண்டோஸ் 11-க்குத் தேறாது. காயலான் கடைக்குப் போட்டுவிட்டு நன்கொடை திரட்டலாம் என்று கமிட்டியில் ஒரு கருத்து. அவற்றில் லினக்ஸ் மின்ட் போட்டுத் தொடரலாம் என்பது என் கருத்து. குப்பையில் கிடந்தாலும் குன்றிமணி நிறம் மாறாது. நினைவகம் 4 ஜி.பி. இருந்தால் பிள்ளைகளின் படிப்புக்குப் போதும். கணக்குத்தாளும் கடிதமும் எழுத ‘லிப்ரே ஆபீஸ்’ உண்டு. தமிழ்99 விசை அமைப்பில் தமிழ் தட்டலாம். திரைச் சொற்களையும் தமிழில் வைத்துக்கொள்ளலாம். ஆங்காங்கே ஆங்கிலம் எட்டிப் பார்க்கும், சில மொழிபெயர்ப்புகள் சிரிப்பு மூட்டும். அதைத் திருத்த நம் பிள்ளைகளே முன்வரலாம், தடுப்பார் இல்லை.

“வேலைக்குப் போனால் விண்டோஸ்தானே கேட்பான்?” என்பது தாய்மார்களின் கேள்வி. நியாயமான கேள்வி. கேரள அரசுப் பள்ளிகளில் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளில்தான் கம்ப்யூட்டர் பாடம் நடக்கிறது. படித்து வந்த பிள்ளைகள் எந்த ஆபீஸிலும் திணறி நிற்கவில்லை. ஆனால் கணக்கர் வேலைக்குப் போக ‘டாலி’ தெரிய வேண்டும். அது விண்டோஸில் ஓடுவது. ஆகவே ஆறில் ஒன்றை, இன்டர்நெட் தொடர்பை அறுத்துவிட்டு, பழைய விண்டோஸோடே டாலி பழக வைத்துக்கொள்ளலாம். படிப்பறையின் அச்சு இயந்திரம் லினக்ஸோடு ஒத்துப்போகிறதா என்பதை முன்னதாகப் பார்த்துவிட வேண்டும், எல்லாம் ஒத்துப்போவதில்லை.

வரும் மாதம் இரண்டாம் ஞாயிறு காலை பத்து மணிக்குப் படிப்பறையில் இரண்டு கம்ப்யூட்டர்களில் மட்டும் முதலில் போட்டுப் பார்க்கிறோம். பென் டிரைவிலிருந்தே ஓட்டிக் காட்டுவதால், உள்ளே இருப்பது எதுவும் அழியாது. பிடிக்காவிட்டால் அணைத்துவிட்டு எழுந்து போகலாம். கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகள் கட்டாயம் வரவேண்டும். சொந்த லேப்டாப்பில் நிரந்தரமாகப் போட்டுக்கொள்ள விரும்புவோர், ஊர்த் திருவிழாப் படங்கள், சர்டிபிகேட் நகல்கள், ரேஷன் கார்டுப் பிரதி எல்லாவற்றையும் முந்திய நாளே வேறொரு டிரைவில் படியெடுத்துக்கொண்டு வரவும்.